ஏழாம் கட்டிலின் சிவப்பு நூல்

கிட்ட வந்து உட்காருங்க. இது மெத்தை புரட்டின கதை.

பெண்பிள்ளைகள் விடுதி ஒன்று. அங்கே வார்டன் ஒரு கணக்கு டீச்சர். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பேர் ‘ஸ்கேல்’. அவ்வளவு நேர்.

மாதம் ஒரு தடவை பெருக்குற அக்கா மெத்தைகளைப் புரட்டணும். புரட்டாமல் ஏமாற்ற முடியாது. ஒவ்வொரு மெத்தையிலும் ஒரு மூலையில் சிவப்பு நூல் தைத்து வைத்திருந்தாள்.

அன்று விரிப்பெல்லாம் துவைக்கப் போயிருந்தது. சாயங்காலம் நிர்வாகி வந்து பார்ப்பார்.

பன்னிரண்டு கட்டில். பதினொன்றில், தலைமாட்டில் இடப்பக்கம் இருந்த நூல் வலப்பக்கம் வந்திருந்தது. ஏழாவதில் மட்டும் கால்மாட்டில், வலப்பக்கம்.

“என்னக்கா, இது மட்டும் ஊர் சுத்தப் போயிருக்கு?”

பெருக்குற அக்கா துடைப்பத்தைக் கை மாற்றினாள். “இதை ரெண்டு தடவை புரட்டினேன் டீச்சர். ஒண்ணு புத்தகம் மாதிரி பக்கவாட்டுல, ஒண்ணு காலண்டர் மாதிரி கீழிருந்து மேல.”

“மத்ததுக்கெல்லாம் ஒண்ணு, இதுக்கு ரெண்டா? இது மேல மட்டும் என்ன அவ்வளவு பாசம்?”

கதவோரம் ஏழாம் கட்டில் பிள்ளை சடை நுனியைக் கடித்துக்கொண்டு நின்றது.

டீச்சருக்குக் கோபத்தைவிட ஆர்வம் பெரிது. ஒரு நோட்டை எடுத்து மூலையில் கிளிப் மாட்டினாள்.

“புத்தகப் புரட்டுக்கு ‘பு’. காலண்டர் புரட்டுக்கு ‘கா’.” முணுமுணுத்தபடியே புரட்டினாள். “பு ஒரு கண்ணாடி. இடம் வலமாகும். மறுபடியும் பு போட்டா, பழையபடி. கா இன்னொரு கண்ணாடி. தலை காலாகும். பு-வும் கா-வும் சேர்ந்தா…”

கிளிப் குறுக்கே எதிர் மூலைக்குப் போய்விட்டது. மேலே கிடந்ததோ அதே முன்னட்டை.

“அட. சும்மா அரைச்சுத்து சுத்தி வச்சாலே இதுதானே வரும்.” நிமிர்ந்தாள். “அப்போ அடியில இருந்தது இன்னும் அடியிலதான் இருக்கு.”

அக்காவின் முகம் செத்துப்போனது.

டீச்சர் மெத்தையின் ஓரத்தைத் தூக்கினாள். அடியில் தட்டு அகலத்துக்குக் கறை.

“ஒரே ஒரு நாள் டீச்சர். போன மாசம், இந்தப் பிள்ளை வந்த புதுசு, தூக்கத்துல நனைச்சிடுச்சு. அப்போ புரட்டினதுல அடியில போச்சு. இப்போ புரட்டினா மேல வந்துடும். அதான்…”

மெத்தையை நனைத்த பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடணும். விடுதி விதி. சுவரில் அதை எழுதி ஒட்டியதே டீச்சர்தான்.

“பதினொண்ணு ஒரு மாதிரி, ஒண்ணு வேற மாதிரி. நிர்வாகி தூக்கிப் பார்க்காம விடுவாரா? இப்படியா அரைகுறையா வேலை செய்வீங்க?”

பிள்ளை விசும்பத் தொடங்கியது.

டீச்சர் வாட்ச்சைக் கழற்றி ஜன்னலில் வைத்தாள். முதல் கட்டிலுக்குப் போய் மெத்தையின் கால்மாட்டைத் தூக்கினாள்.

“வந்து அந்தப் பக்கம் பிடிங்கக்கா. மிச்ச பதினொண்ணுக்கும் ஒரு கா பாக்கி இருக்கு.”