குத்திய இடம்

"'உள்ளே ஈரம், இன்னும் வேகலை.' போன தடவையும் இதையேதானே சொன்னே?" குக்கருக்குள் வெந்துகொண்டிருந்த அன்னாசிப்பழ கேக், தன்னைக் குத்திப் பார்த்த ஈர்க்குச்சியிடம் சீறியது.

"ஈரம் இருக்கே, பொய்யா சொல்றேன்?"

"நீ குத்துறது பழத்துண்டுல, மகராசி! அன்னாசி என்னைக்குக் காயறது? கொஞ்சம் தள்ளிக் குத்து."

"கண்ட இடத்துல ஓட்டை போட்டா உன் அழகு கெட்டுடும்."

"அடியில கருகிட்டிருக்கேன், அழகாம் அழகு!"

ஈர்க்குச்சி மறுபடி அதே ஓட்டையில் இறங்கி, நனைந்து வெளியே வந்தது.

"வேகலை."

கேக்குக்காக விசிலைக் கழற்றி வைத்திருந்த குக்கர் மூடி, திரும்ப மேலே வந்து உட்கார்ந்தது. இருட்டில் கருகல் வாசனை ஏறியது. கேக்கின் குரல் இறங்கிவிட்டது.

"குக்கர் அண்ணே, நீங்களாவது ஒரு விசில் கொடுங்களேன்."