காஜா அக்காவின் பசி

"உங்களுக்கு வெட்கமா இல்ல? அந்தப் பொண்ணுக்குன்னு வறுத்துக் கொண்டு வந்த ஈரலை நேத்தும் நீங்களே முழுங்கிட்டீங்களாமே!"

கட்டிங் மாஸ்டர் போட்ட சத்தத்தில் தையல் கூடத்து மெஷின்கள் எல்லாம் நின்றன.

"பசிச்சுது மாஸ்டர், சாப்பிட்டேன்" என்றாள் சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுக்கும் அக்கா, கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல்.

காலர் தைக்கப் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் முகத்தில் சொட்டு ரத்தம் இருக்காது. மாடி ஏறினாலே மூச்சு வாங்கும். ரத்தசோகைதான் என்று கூடமே முடிவு கட்டி, ஆளுக்கு ஒரு நாளாக ஈரல், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக் என்று கொண்டுவந்து கொடுத்தது. அவள் வாங்கி வைப்பதுதான் தாமதம், அக்கா ஆஜராகிவிடுவாள். டானிக் பாட்டிலைக்கூட விட்டுவைக்கவில்லை, மகராசி!

"ஊர்ல இருக்கிற பசியெல்லாம் இவங்க வயித்துலதான்" என்று முணுமுணுத்தார் இஸ்திரி போடும் அண்ணன்.

"இன்னிக்கு அவ இதயத்துக்கு டெஸ்ட் எடுத்த ரிசல்ட் வாங்கப் போயிருக்கா. ஏதாவது ஏடாகூடமா இருக்கட்டும், அப்புறம் வச்சுக்கிறேன் உங்களை!" என்றார் மாஸ்டர்.

அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் மூச்சு வாங்க வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா! இதயம் நல்லா இருக்காம்! ரத்தத்துல இரும்பும் நல்லாக் குறைஞ்சிருக்காம்!"

"ஐயையோ, குறைஞ்சிருக்கா?" மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"குறையணும் மாஸ்டர்! எனக்குப் பரம்பரையா வந்த ரத்தசோகை. அடிக்கடி ரத்தம் ஏத்தி ஏத்தி உடம்புல இரும்பு ஏற்கெனவே எக்கச்சக்கம். இன்னும் சேர்ந்தா இதயத்துல போய்ப் படிஞ்சிடும். அதை வெளியேத்தத்தான் தினமும் மாத்திரை போடறேன். விஷயம் தெரிஞ்சா வேலை போயிடுமோன்னு பயம். நீங்க ஆசையாக் கொடுத்ததை வேண்டாம்னு சொல்லவும் வாய் வரல. அக்காகிட்ட மட்டும்தான் சொல்லி அழுதேன்."

அக்கா அவளைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். கூடமே கை தட்டியது. மாஸ்டருக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"வேலையெல்லாம் எங்கேயும் போகாதும்மா, முதலாளிகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றவர் அக்கா பக்கம் திரும்பினார். "வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மன்னிச்சிடுங்க. நாளைக்கு உங்களுக்குன்னே ஒரு டப்பா ஈரல் எடுத்துட்டு வர்றேன்."

அக்கா பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"ஐயோ, ஆளை விடுங்க மாஸ்டர்! அந்த வாடையே எனக்கு ஆகாது. இத்தனை நாளும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் முழுங்கினேன்!"