சில்லறைச் சந்தேகம்

"நாளைக்கு அந்த ஆளு கை தூக்கினா நீ பார்க்காத மாதிரியே இருந்துடு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஆராய்ச்சி மாணவி கெஞ்சியது தன் அறைத்தோழியிடம். மறுநாள் துறைக் கருத்தரங்கை நடத்தப்போவது அந்தத் தோழிதான். யாரைக் கேள்வி கேட்கவிடுவது என்பதும் அவள் கையில்தான்.

'அந்த ஆள்' வேறு யாருமில்லை. அதே துறையில் முனைவர் பட்டம் வாங்கி, அங்கேயே ஆய்வு வேலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் இளைஞர். எந்த மாணவர் பேசி முடித்தாலும் முதல் கை அவருடையதுதான். கேட்பதாவது உருப்படியாக இருக்குமா என்றால், அதுவும் கிடையாது. போன மாதம் ஒருவன் ஆற்றுமணலைப் பற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு பேசினான். இவர் எழுந்து, அந்த மணலை எதில் அள்ளிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டார். அரங்கமே சிரித்தது. 'சில்லறைச் சந்தேகம்' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

இவளுக்கோ இது வாழ்வா சாவா என்கிற விஷயம். இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் இவள் ஆராய்ச்சியைத் தொடரலாமா, மூட்டை கட்ட வேண்டியதுதானா என்று துறையின் மதிப்பீட்டுக் குழு முடிவு செய்யும். சேர்ந்த நாளிலிருந்து நத்தைகளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள். நத்தை வாசனை பிடித்துத்தான் தீனியைத் தேடிப் போகிறது என்று நிரூபிக்கப் பார்க்கிறாள். இந்த நேரத்தில் ஒரு அசட்டுக் கேள்வி வந்து மானம் கப்பலேற வேண்டுமா?

மறுநாள் பேச்சு தடங்கல் இல்லாமல் முடிந்தது. சொல்லிவைத்தாற்போல் சில்லறைச் சந்தேகம் கையைத் தூக்கினார். தோழி ஜன்னலைப் பார்த்தாள். வாய்ப்பு நேராகக் குழுத் தலைவருக்குப் போனது. அவர் கறாரான மனிதர்.

"நத்தை ஈரத்தைத் தேடிப் போகும்மா. அது எல்லாருக்கும் தெரியும். நீங்க வெச்ச தீனியும் ஈரமாத்தானே இருந்திருக்கும்? அப்புறம் எப்படி வாசனைதான்னு சொல்றீங்க?"

அவள் வாயைத் திறந்தாள். படித்ததெல்லாம் எந்தப் பக்கம் ஓடிப்போனதோ, ஒரு வார்த்தை அகப்படவில்லை. தலைவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் யாரும் கூப்பிடாமலே பின்வரிசையில் சில்லறைச் சந்தேகம் எழுந்து நின்றார்.

"சின்ன சந்தேகம். இந்த நத்தைங்க பெட்டியை விட்டுத் தப்பிச்சுப் போயிடாதா?"

சிரிப்பு கிளம்பியது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பதில் தெரியுமே, அது பாட்டுக்கு வந்து விழுந்தது.

"போகாம என்ன சார்? ஒருநாள் மூடியைச் சரியா மூடாம போயிட்டேன். காலையில பார்த்தா பெட்டி காலி. ஒவ்வொண்ணாத் தேடிப் பொறுக்கறதுக்குள்ள உயிரே போயிடுச்சு."

"எங்க இருந்துச்சு?"

"எல்லாம் அலமாரி மேல. வெள்ளரிக்காய் நறுக்கிப் போட்டிருந்த டப்பாவை மொய்ச்சுக்கிட்டு..."

பாதியில் நிறுத்தினாள். பிறகு தலைவர் பக்கம் திரும்பினாள். குரல் பழையபடி வந்துவிட்டது.

"சார், அந்த டப்பா வெளியில காய்ஞ்சுதான் இருந்தது. மூடியில சின்னச் சின்ன ஓட்டை, வாசனை மட்டும்தான் வரும். பெட்டிக்குப் பக்கத்துலயே குழாய் சொட்டிக்கிட்டிருந்தது. ஈரம்தான் வேணும்னா அங்கதானே போயிருக்கணும்? ஒண்ணுகூடப் போகலை."

தலைவரின் பேனா நின்றது. இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கடிந்துகொண்டார். ஒரு தடவை தற்செயலாக நடந்தது போதாது, அதையே சோதனையாக வைத்துத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள் என்றார். ஆராய்ச்சியைத் தொடரலாம் என்றும் சொல்லிவிட்டார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நேராகத் தன் கைடு மேடத்தின் அறைக்குப் போய் நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். சந்தோஷம் ஒரு பக்கம், ஆற்றாமை ஒரு பக்கம்.

"ஏதோ குருட்டாம்போக்குல நல்லதாப் போச்சு மேடம். இல்லேன்னா அவரை என்ன சொல்றது? என் தலையே உருண்டுக்கிட்டிருக்கு, நத்தை ஓடிப்போச்சான்னு கேட்கறாரு."

மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"நத்தை ஓடிப்போன கதையை அவருக்குச் சொன்னதே நான்தாம்மா. யாரு பேசறதா இருந்தாலும் அவங்க கைடைத் தேடி முன்னாடியே வந்துடுவார். உனக்காகவும் வந்தார். 'பயத்துல எல்லாமே மறந்து போனாலும் அந்தப் பொண்ணுக்கு மறக்காத விஷயம் ஒண்ணு சொல்லுங்க மேடம், முதல் கேள்வியா அதை நான் கேட்டுடறேன்'னார்."