கொசுறு முழங்கால்

"ஒரு முட்டி எடுத்தாலும் நூத்திருபதுதான் சார், ரெண்டு முட்டி எடுத்தாலும் நூத்திருபதுதான். பிலிம் ஒண்ணுதானே" என்றாள் அஷ்வினி, எக்ஸ்ரே நிலையத்தில் பணம் வாங்கும் பெண்.

திருநாராயணனுக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது. அவருக்கு வலிப்பது இடது முழங்கால் மட்டும். நன்றாக இருக்கிற காலுக்கு எதற்குக் காசு? தேவராஜா மார்க்கெட்டில் கொத்தமல்லிக் கொசுறு வாங்காமல் ஒருநாளும் வீடு திரும்பியறியாத மனிதர் அவர். தொண்ணூற்று மூன்றாம் வருஷத்தில் அறுபது ரூபாய் என்பது தண்ணீரில் விடுகிற பணமும் இல்லை.

"எனக்கு வேண்டியது அரை பிலிம்தானே? அறுபது வாங்கிக்கோம்மா."

"மிச்ச அரை பிலிமை நான் யாருக்கு சார் விக்கறது?"

அவர் மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றார். மேனேஜர் மதியத்துக்கு மேல்தான் வருவார் என்றாள் அவள். பின்னால் நின்றவர்கள் கன்னடத்தில் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். மனைவி பத்மாஸினி, "கொடுத்துடுங்கோன்னா" என்று மெதுவாகச் சொன்ன பிறகுதான் பர்ஸ் திறந்தது.

இரண்டு மாதமாக அந்த இடது கால் அவரைப் பாடாய்ப் படுத்தியது. ராத்திரி பத்மாஸினி தரையில் உட்கார்ந்து சூடாக எண்ணெய் தேய்த்துவிட்டால்தான் தூக்கம். வேலை பார்க்கும் பாங்கில் அவர் கால் கதையைக் கேட்காதவர்கள் யாரும் பாக்கியில்லை. எலும்பு டாக்டர் நஞ்சுண்டசாமி படம் எடுத்துவரச் சொன்னதிலிருந்து, ஆபரேஷன் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் சோறே இறங்கவில்லை.

பெயரைக் கூப்பிட்டதும், துணைக்கென்று பத்மாஸினியையும் அழைத்துக்கொண்டு உள்ளே போனார். படம் எடுக்கும் மஞ்சுநாத் அவர்கள் அக்ரஹாரத்துத் தெருவிலேயே இருப்பவர். அவரிடம் திருநாராயணன் தணிந்த குரலில் ஏதோ பேசினார். மஞ்சுநாத் முதலில் முடியவே முடியாது என்று தலையாட்டினார்; பிறகு சிரித்துவிட்டார்.

அரைமணியில் படம் கைக்கு வந்தது. இரண்டு முழங்கால்களும் பக்கத்தில் பக்கத்தில் பளிச்சென்று விழுந்திருந்தன. கொடுத்த காசு ஜீரணமான திருப்தியோடு கிளம்பினார்.

டாக்டரின் கிளினிக் மண்டி மொஹல்லாவில் ஒரு துணிக்கடை மாடியில் இருந்தது. பத்மாஸினி படியேறி முடிப்பதற்குள் டோக்கன் போய்விடும் என்று அவளைக் கீழேயே உட்கார வைத்துவிட்டு, "பெருமாளே, பெருமாளே" என்று இவர் மட்டும் ஏறினார்.

டாக்டர் கொள்ளேகால் பக்கத்துக்காரர், தமிழ் சரளமாக வரும். படத்தை வெளிச்சத்தில் செருகிப் பார்த்தார்.

"இடது முட்டியில ஒண்ணுமே இல்லீங்க. வயசுப் பையன் முட்டியாட்டம் இருக்குது. தைரியமாப் போங்க."

திருநாராயணனுக்கு நிம்மதியைவிட ஏமாற்றம்தான் அதிகம். அப்படியானால் இரண்டு மாத வலிக்கு மரியாதையே இல்லையா? சரி, கொடுக்கிற ஃபீஸில் இன்னொரு காரியத்தையும் முடித்துக்கொண்டு போகலாம் என்று தோன்றியது.

"அப்படியே வலதையும் பார்த்துடுங்கோ டாக்டர். அதுலயும் வலி உண்டு" என்றார்.

டாக்டர் படத்தை நெருங்கிப் பார்த்தார். முகம் மாறியது. எழுந்து வந்து திருநாராயணனின் வலது முட்டியைக் கட்டைவிரலால் அழுத்தினார். இன்னும் பலமாக அழுத்தினார். பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க மனுஷனே இல்லீங்க. நான் தொட்டதுக்கே அலறியிருக்கணும். எலும்பும் எலும்பும் ஒரசிட்டு இருக்குது. இதை வச்சுக்கிட்டு எப்படிங்க நடமாடறீங்க?"

இவ்வளவு தேய்வதற்குப் பத்து வருஷமாவது ஆகியிருக்கும் என்றார் டாக்டர். குந்தி உட்கார்ந்து எழுந்து, குடம் தூக்கி, நாள் முழுக்க நின்று உழைக்கிறவர்களுக்குத்தான் இப்படி ஆகும். பாங்கில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படி வந்தது என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். வலியே இல்லாத காலுக்கு ஊரைக் கூட்டுபவர்களைத் தினமும் பார்க்கிறாராம்; இப்படி ஒரு பொறுமைசாலியை இப்போதுதான் பார்க்கிறாராம்.

"வீட்டுல யாருகிட்டயும் சொல்லலீங்களா?"

திருநாராயணன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொன்னது உண்டு டாக்டர். யாரும் காதுல போட்டுக்கலை."

டாக்டர் 'உச்' கொட்டினார். இனிமேல் தரையில் உட்காரக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, மற்ற வேலைகளையெல்லாம் வீட்டில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆபரேஷனைப் பற்றி அடுத்த மாதம் பேசலாம் என்றார்.

கீழே பத்மாஸினி பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். திருநாராயணன் பையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். போகிற ஆட்டோவைக் கைதட்டி நிறுத்தினார். என்ன வாடகை என்றுகூடக் கேட்கவில்லை.

"என்னன்னா, டாக்டர் கண்டுபிடிச்சுட்டாரா?" என்றாள் தாழ்ந்த குரலில். "படத்துல இருக்கற வலது கால் என்னோடதுன்னு?"