இறக்கத்தில் மிச்சம்

உண்மைக்கு விலை இருபதாயிரம் என்றார் இன்சூரன்ஸ் சர்வேயர்.

"பத்து" என்றது பெயிண்ட் கடைக்காரரின் வாய்.

அவர் சொல்லவில்லை, வாய்தான் சொன்னது. எந்த விலை காதில் விழுந்தாலும் பாதியிலிருந்து ஆரம்பித்துப் பழகிய வாய். நடந்தது இன்னும் அதுவரைக்கும் வந்து சேரவில்லை.

ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம். பக்கத்தில் ஒருவன் தகரம் தட்டிக்கொண்டிருந்தான். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே விலை பேச வேண்டியிருந்தது.

சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் முன்பாதி சுருங்கி நின்றது. ஓட்டுகிற பக்கத்துக் கதவை வெட்டி எடுத்திருந்தார்கள். இருவரும் மறுபக்கமாகவே நின்று பேசினார்கள்.

விஷயம் சாவிதான். அது ஆஃபில் இருந்தது.

இன்ஜினை அணைத்துவிட்டு இறக்கத்தில் உருண்டு வந்தால் பிரேக் இரண்டு மிதிக்குக் கேட்கும், மூன்றாவது மிதிக்குக் கல்லாகிவிடும். அப்படி வந்த வண்டிக்குக் கம்பெனி காலணா தராது. சாவி ஆனில் இருந்தது, பிரேக் பழுது என்று எழுதினால் தரும். அப்படி எழுதத்தான் இருபது.

அந்த வண்டியைக் கடைக்காரர் ஆசைப்பட்டு வாங்கவில்லை. பெயிண்ட் பாக்கியைக் கேட்கப்போனபோது ஒரு கட்டட காண்ட்ராக்டர் ஒரு கையை விரித்தார், மறு கையால் சாவியை நீட்டினார். கொண்டுவந்து வாசலில் நிறுத்தியபோது லாபம் மாதிரிதான் இருந்தது.

அப்புறம்தான் அதற்குப் பசிக்கும் என்று தெரிந்தது.

பெட்ரோல் விலை ஏற ஏற வண்டியின் விலை இறங்கியது. வாங்க வந்தவர்கள் தடவிப் பார்த்தார்கள், உள்ளே உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டார்கள், பஸ் பிடித்துப் போய்விட்டார்கள்.

மகன் மட்டும் அதை விற்க விடவில்லை.

அப்பாவும் மகனும் பேரம் பேசினார்கள். வண்டி இருக்கலாம். பெட்ரோல் மாதம் மூவாயிரத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த மாதமே காயலான் கடை.

வீடு மேட்டில், கடை அடிவாரத்தில். ஏறும்போது விட்டதை இறங்கும்போது பிடிக்க வேண்டும். கடைக்காரன் வீட்டில் இதை யாரும் தனியாகப் படிப்பதில்லை.

"முதலாளி, கிளெய்ம் லட்சக்கணக்குல வரும். இருபதுக்குப் போயி மூக்கால அழுவுறீங்களே!" என்றார் சர்வேயர்.

கடைக்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"கிளெய்ம் வேணாம் சார். பேப்பர்ல உள்ளபடியே, சாவி ஆஃப்ல இருந்துச்சுன்னே எழுதிக்கோங்க."

சர்வேயர் பேனாவை மூடினார். விலையைக் குறை என்று கேட்பவர்களை அவருக்குத் தெரியும். சரக்கே வேண்டாம் என்பவரை இப்போதுதான் பார்க்கிறார்.

"அப்புறம் எதுக்குங்க இவ்வளவு நேரம் பேசிக்கிட்டு இருந்தோம்?"

"ஒரே ஒரு தடவ வீட்டுக்கு வாங்க தம்பி. அவங்கம்மா கேப்பா. சாவி ஆன்லதான் இருந்துச்சு, பிரேக்குதான் பிடிக்கலன்னு உங்க வாயால சொல்லிடுங்க."

தகரம் தட்டுகிறவன் நிறுத்தியிருந்தான். கடைக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

விபத்து நடந்த நாளிலிருந்து அவள் பேசுவது ஒரே கேள்விதான். சாவி எதில் இருந்தது? கணவர் சொன்ன பதிலை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சர்வேயர் வரட்டும், அவரையே கேட்கிறேன் என்றுவிட்டாள்.

இறக்கத்தில் இன்ஜினை அணைக்கும் வித்தையைப் பையனுக்குக் காட்டாதீர்கள் என்று அவள் கெஞ்சியிருந்தாள். காட்ட மாட்டேன் என்று அவர் சத்தியம் பண்ணியிருந்தார்.

காட்டி முடித்திருந்தது அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை.

சர்வேயர் கொஞ்ச நேரம் வெட்டிய கதவின் பக்கம் பார்த்தார். பிறகு நியாய விலை சொன்னார்.

"எழுத்துல பொய்னாதான் முதலாளி இருபது. வாய்ப்பொய்க்குப் பத்து போதும்."

கேட்ட விலைக்கே பேரம் படிந்தது. கடைக்காரர் பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

சர்வேயர் வாங்கிய காசுக்கு வஞ்சகம் செய்கிற ஆள் இல்லை. அங்கேயே ஒத்திகை பார்த்தார்.

"அம்மா சும்மா சொன்னா நம்ப மாட்டாங்க. காரணத்தோட சொல்லணும். இப்படிச் சொல்றேன், சரியா இருக்கா பாருங்க. இந்த மாதிரி வண்டியில எவனாவது இறக்கத்துல ஆஃப் பண்ணுவானாம்மா? கியர்லயே விட்டுட்டு ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்தாப் போதும், பெட்ரோலை அதுவே நிறுத்திக்கும். ஆஃப் பண்ணி ஒரு சொட்டுகூட மிச்சம் பிடிக்க முடியாது. அப்புறம் உங்க பையன் ஏன் ஆஃப் பண்ணப் போறான்? எப்படி இருக்கு முதலாளி?"



"இது... நெசமாவா தம்பி?"

"அட, இது மட்டும் நெசம் முதலாளி. நம்ம பொய்யே இது மேலதான நிக்குது."

சரி என்று கடைக்காரர் தலையை ஆட்டினார். நன்றாக இருக்கிறது, இப்படியே சொல்லுங்கள் என்றார்.

தகரம் தட்டுகிறவன் மறுபடி ஆரம்பித்தான்.

இறக்கம் ஒன்றுக்கு நாற்பது ரூபாய் மிச்சம். மாதத்துக்கு இருபத்தாறு இறக்கம். பதினோரு மாதம். பதினோராயிரத்து நானூற்று நாற்பது என்று மனதுக்குள் வரவு வைத்திருந்ததைக் கடைக்காரர் அடித்தார், பூஜ்யம் போட்டார்.

செலவு: சர்வேயருக்குப் பத்தாயிரம். மகன், ஒன்று.