பிலிம் உருவப்படும்

கிழக்கு கேலரியில் மறுபடியும் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. அரியலூர் ராசாங்கம் ஸ்டுடியோவின் முதலாளி ராசாங்கத்துக்கு வயிறு பற்றி எரிந்தது.

"அவனேதான்! பெரம்பலூரான்!" என்று பல்லைக் கடித்தார்.

மைதானத்தில் கபடி இறுதியாட்டம். டிக்கெட் போட்டு, சம்பளத்துக்கு ஆடுகிற பெரிய ஆட்டக்காரர்களை வரவழைத்திருந்தார்கள். அதில் மதுரைவீரன் 'கபடி கபடி' என்று எதிர்ப்பக்கம் பாடிப் போகிற அழகைப் பார்க்கவே பாதிக் கூட்டம் வந்திருந்தது. அவன் படம் கிடைத்தால் சலூன், டீக்கடை, சைக்கிள் கடை என்று ஒன்று விடாமல் வாங்கி மாட்டுவார்கள்.

அந்தப் படத்தை எடுத்து விற்கும் உரிமையைக் கமிட்டியிடம் குத்தகைக்கு எடுத்திருந்தவர் ராசாங்கம். அதனால்தான் மைக்கில் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தார்கள். "ரசிகப் பெருமக்களே! ஆட்டத்தைப் படம் எடுப்பதோ, எடுத்து விற்பதோ கூடாது. மீறினால் பிலிம் உருவப்படும்!"

வாசலில் ஆண்களின் பைகளை எல்லாம் துழாவித்தான் உள்ளே விட்டார்கள். பெண்களின் கூடையை மட்டும் யாரும் தொடவில்லை. தொட்டுவிட்டு யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

அப்படியும் அந்தப் பெரம்பலூரான் செல்லதுரை கையில் காமிரா இருந்தது. எப்படி வந்தது என்று யோசிக்கவே வேண்டாம். பெண்கள் பக்கத்தில், முதல் வரிசையில், அவன் பெண்டாட்டி புஷ்பவல்லி கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

செல்லதுரை ராசாங்கத்திடம் தொழில் பழகியவன்தான். இருட்டறையில் படம் கழுவிக்கொண்டிருந்தவன், திடீரென்று பெரம்பலூரில் தனிக்கடை போட்டான். புஷ்பவல்லியையும் கடையில் நிறுத்தினான். அவள் இருந்தால் பெண்கள் கூச்சப்படாமல் படத்துக்கு உட்காருகிறார்களாம். அரியலூர்ப் பெண்களே பஸ் ஏறிப் போகிறார்களாம்.

"அவளுக்குப் பவுடர் பூசி வுடத் தெரியும். வேற என்னா தெரியும்?" என்று ராசாங்கம் தன் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிப் பார்த்தார். வருகிறவர்கள்தான் குறைந்துகொண்டே போனார்கள்.

இந்த ஆட்டத்தில் விட்டதைப் பிடித்துவிட வேண்டும் என்றுதான் கையில் இருந்ததை எல்லாம் குத்தகையில் போட்டார். இங்கேயும் வந்துவிட்டான் பாவி!

சித்திரை வெயிலில் கண் கூசியது. மதுரைவீரன் பாடிப் போனான். ராசாங்கம் காமிராவைக் கண்ணில் வைத்தார், ஆனால் மனசு கேலரியில் இருந்தது. அங்கே பளிச்!

"எனக்கு அந்தப் படம் ரெண்டு காப்பிண்ணே!" என்று எவனோ செல்லதுரையிடம் கேட்பது இங்கே வரைக்கும் கேட்டது. போதாக்குறைக்கு, செல்லதுரை இவரைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினான்.

அவ்வளவுதான். ராசாங்கம் கமிட்டிச் செயலாளர் வைத்திலிங்கத்திடம் ஓடினார்.

"சார், ஆட்டத்த நிறுத்துங்க!"

"என்னங்க வெளையாடுறீங்களா? ரெண்டு பக்கமும் சமமா நிக்குது. கடைசிப் பாட்டு பாடப் போறான்."

"அப்ப அவன நிறுத்துங்க! குத்தகை எனக்கா, அவனுக்கா?"

நச்சரிப்புத் தாங்காமல் வைத்திலிங்கம் ஆள் அனுப்பினார். செல்லதுரையைக் கூட்டி வந்து ஆபீஸ் அறையில் நிறுத்தினார்கள். அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

"காமிராவக் குடுறா," என்றார் ராசாங்கம்.

"வேணாம்ண்ணே. தொறந்தா வருத்தப்படுவீங்க."

"ஏன், உள்ளார மதுரைவீரன் இருக்கானா?" என்று பிடுங்கினார். பிலிமை வெளிச்சத்தில் உருவி எறிகிற வெறியோடு பின்மூடியைத் திறந்தார்.

உள்ளே ஒன்றுமே இல்லை.

"பிலிமே காணுமேப்பா?" என்றார் வைத்திலிங்கம்.

"கல்யாண வூட்டுல ஆளாளுக்கு என்னை எடு, என்னை எடுன்னு நச்சரிச்சா வெறும் பிளாஷ் அடிச்சு சமாளிப்போம்ல, அதுதாங்க சார். அண்ணன்தான் கத்துக் குடுத்தாரு."

வைத்திலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். "படமே எடுக்காதவன என்னா சொல்லிப் புடிக்கிறது? போப்பா, போ."

ராசாங்கத்துக்கோ அன்றைக்கு முதல்முறையாக நெஞ்சு குளிர்ந்தது. வெறும் பிளாஷா! அப்படியானால் மதுரைவீரன் படம் இந்த ஜில்லாவிலேயே தன் ஒருவனிடம்தான். பெரம்பலூரான் ஒழிந்தான்!

அப்போதுதான் வெளியே மைதானமே இடிந்து விழுகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது.

எல்லோரும் ஓடினார்கள். மதுரைவீரனைத் தோளில் தூக்கிவைத்து ஆடிக்கொண்டிருந்தது கூட்டம். நாலு பேர் காலைக் கட்டிப் பிடித்திருக்க, அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டே வந்து நடுக்கோட்டைத் தொட்டுவிட்டானாம். இப்படி ஒரு பாட்டை இனிமேல் யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டு கலைந்தார்கள். பெண்கள் பக்கம் அதற்குள் காலியாகியிருந்தது.

ராசாங்கத்தின் காமிரா மூடி போட்டபடி கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"போச்சே! எல்லாரும் அந்த ஒரு படத்தத்தானே கேப்பானுவ!" அவர் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

செல்லதுரை பக்கத்தில் வந்து அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கினான். வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைக்கூடத் தட்டிவிட்டான்.

"அழுவாதீங்கண்ணே. அத எம் பொண்டாட்டி எடுத்திருப்பா."