கொடிகாமத்துக்குப் போகும் ஓர்கன்

ஓர்கனின் பின்பலகையைக் கழற்றிவிட்டு, மரியரட்ணம் தரையில் குப்புறப் படுத்து உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தார்.

வால்வுகள் கண்ணாடிக் குமிழ்களாக வரிசையில் நின்றன. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பஞ்சில் சுற்றி முட்டைத் தட்டில் அடுக்கினார். எது எந்தக் குழிக்குரியது என்று தெரிய, மனைவி நகத்துக்குப் பூசும் கியூட்டெக்ஸால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று இரு பக்கமும் அடையாளம் வைத்தார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் இப்படிப் பார்த்ததில்லை.

அடுத்த வீட்டுச் செபநாயகம் மாஸ்டரின் பழைய மின்சார ஓர்கன் அது. கொடிகாமத்தில் ஒரு சின்னத் தேவாலயத்துக்கு அதைக் கொடுக்க மாஸ்டர் ஒருவழியாகச் சம்மதித்திருந்தார். அதிலும் ஒரு கொக்கி போட்டிருந்தார். போய்ச் சேர்ந்ததும் வாசித்துப் பார்ப்பாராம். ஒரு கட்டை பிசகினாலும் அதே வாகனத்தில் திருப்பிக் கொண்டுவந்துவிடுவாராம்.

அதைக் கேட்டதிலிருந்து மரியரட்ணத்துக்குச் சோறு இறங்கவில்லை.

இரவெல்லாம் கடலில் கிடந்து, மீனை விற்றுவிட்டு, அவர் பாயில் தலையைச் சாய்க்கிற நேரம் பார்த்துத்தான் மாஸ்டருக்குச் சங்கீதம் பொங்கும். சுவர் அதிரும். பாயும் அதிரும். மாஸ்டரோ தங்கமான மனிதர், மரியரட்ணத்தின் பிள்ளைகளுக்குச் சும்மா பாடம் சொல்லிக்கொடுத்தவர். அவரிடம் போய் நிறுத்துங்கள் என்று சொல்ல வருடக்கணக்காக வாய் வரவில்லை.

ஆகவே ஓர்கன் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும்.

மிதிகட்டைகளைக் கழற்றிப் போர்வையில் சுருட்டினார். மேல்கட்டைகள் துள்ளாமல், தான் உடுத்துக் கழித்த பழைய சாரத்தை மடித்து வைத்து மூடியைப் பூட்டினார். பட்டா என்கிற சின்ன லொறியில் ஏற்றி நிமிர்த்தி நிறுத்தியபின், வலையொன்றை மெத்தைபோல மடித்துச் சுற்றிலும் கொடுத்து, படகு கட்டும் கயிற்றால் இறுக்கினார். புயலுக்கும் அவிழாத முடிச்சு.

வலை வெளியே வந்தபோது மனைவி ஜெசிந்தா வாசலில் நின்று பார்த்த பார்வையை அவர் கவனிக்காததுபோல் இருந்துகொண்டார்.

ஓர்கனைக் கடைசியாக ஒருமுறை தடவிப் பார்க்க மாஸ்டர் வந்தார். கை வலையில் பட்டது. மூக்கருகே கொண்டுபோனார். மீன் வெடுக்கு இல்லை. ஒரு கண்ணியிலும் கிழிசல் இல்லை.

போன ஞாயிறு பங்குச் சுவாமியார் ஆசீர்வதித்த புது வலை. முதலில் கடலில்தான் இறக்குவேன், அதற்குமுன் கூடப்பிறந்த தம்பி கேட்டாலும் தரமாட்டேன் என்று குருநகர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் மரியரட்ணம்.

மாஸ்டரின் கண் கலங்கிவிட்டது.

“தண்ணி காணாத வலையெல்லே உது. என்ரை ஓர்கனிலை உனக்கு இவ்வளவு பாசம் எண்டு எனக்குத் தெரியாமல் போச்சே, தம்பி. நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை. இறக்கு.”

மரியரட்ணம் வாயைத் திறந்தார். வருடக்கணக்காக வராத சொல் அப்போதும் வரவில்லை.

முடிச்சுகளை அவிழ்ப்பதற்குள் மத்தியானமாகிவிட்டது. வால்வுகளைத் திரும்பப் பொருத்தும்போது ஒன்றையாவது குழி மாற்றிச் செருகிவிடலாமா என்று அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஆனால் கியூட்டெக்ஸ் புள்ளிகள் சிவப்பாக, தெளிவாகத் தெரிந்தன. போதாததற்கு மாஸ்டரும் பக்கத்திலேயே குந்தியிருந்து, புள்ளிகளை எண்ணி எண்ணி எடுத்துக் கொடுத்தார்.

நாளைக் காலை முதல் பாட்டு மரியரட்ணத்துக்காகத்தானாம்.